வீட்டு ரெக்கார்டிங்கில் சாம்பிள் கருவிகள்: ஏற்றுவது முதல் மிக்ஸ் வரை

கணினியில் செய்த வயலின் பகுதியைக் கேட்டு யாராவது "கீபோர்டு வயலின் மாதிரி இருக்கிறதே" என்றால், உடனே இன்னும் பெரிய லைப்ரரியை, அதாவது பதிவு செய்த கருவி ஒலிகளின் தொகுப்பை, தேடிப் போவதுதான் வழக்கம். பெரும்பாலும் குற்றம் லைப்ரரியில் இருக்காது. எல்லா நோட்டும் ஒரே அழுத்தத்தில், ஒரே நீளத்தில், கோடு போட்ட மாதிரி நேரம் பிசகாமல் விழுந்திருக்கும். வாசிக்கும்போதே ஒலியை மாற்றக் கீபோர்டில் இருக்கும் சக்கரமான மாட் வீலை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். 200 எம்பி இலவச லைப்ரரியை ஒழுங்காக வாசித்தால், 50 ஜிபி லைப்ரரியை ஏனோதானோவென்று வாசித்ததைவிட நன்றாகவே இருக்கும். அதனால் இங்கே ஏற்றுவதையும் அமைப்பதையும் சுருக்கமாக முடித்துவிட்டு, வாசிப்புக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே நடப்பது

நிஜக் கருவியில் ஒவ்வொரு நோட்டாக வாசித்துப் பதிவு செய்த ஒலித்துண்டுகள்தான் சாம்பிள்கள். நீங்கள் எந்தக் கட்டையை, எவ்வளவு வேகமாக அழுத்துகிறீர்கள் என்று பார்த்து, பொருத்தமான துண்டை எடுத்து ஒலிக்கவிடுவது சாம்பிளர் பிளகின், அதாவது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள். இதில் நான்கு விஷயம் பிடிபட்டால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதி தானாகப் புரியும்.

முதலாவது ஜோன், ஒரு பதிவு ஒலிக்கும் கட்டைகளின் எல்லை. எல்லாக் கட்டைக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யாத லைப்ரரிகள் ஏராளம். மூன்று செமிடோனுக்கு (பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையிலான சுருதி தூரம் ஒரு செமிடோன்) ஒன்று வீதம் பதிவு செய்து, அதையே மேலே ஒன்று, கீழே ஒன்று என இழுத்துக்கொள்வார்கள். ஒரு செமிடோன் உயர்த்த, பதிவு சுமார் 5.9 சதவீதம் வேகமாக ஓட வேண்டும். அது காதுக்குத் தெரியாது. ஐந்தாறு செமிடோன் தாண்டினால் சுருதியோடு கருவியின் உடலதிர்வும் சேர்ந்து நகர்ந்துவிடும். செல்லோவை மேலே இழுத்தால் வயலின் வராது, சுருங்கிப்போன செல்லோதான் வரும்.

இரண்டாவது வெலாசிட்டி லேயர். மெதுவாக வாசித்த பதிவு, நடுத்தரம், பலமாக வாசித்தது என்று அடுக்கடுக்காக இருக்கும். கட்டையை அழுத்தும் வேகத்தை மிடி (கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) வெலாசிட்டி என்ற எண்ணாகத் தரும், 1 முதல் 127 வரை. அந்த எண்தான் எந்த அடுக்கு ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் சாலமாண்டர் கிராண்ட் பியானோவில் 16 அடுக்குகள். யமஹா சி5 பியானோவில் மூன்று செமிடோனுக்கு ஒன்றாகப் பதிவு செய்தது அது.

மூன்றாவது ரவுண்ட் ராபின். ஒரே நோட்டை நான்கு முறை தட்டினால் நான்கு வெவ்வேறு பதிவுகள் மாறி மாறி வரும். இது இல்லாத டிரம் லைப்ரரியில் ஸ்நேர் ரோல் வாசித்தால் இயந்திரத் துப்பாக்கிச் சத்தம்தான்.

நான்காவது ரிலீஸ் சாம்பிள். கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் ஒலிக்கும் துண்டு: பியானோவின் டேம்பர் விழும் ஓசை, அறையில் மிச்சமிருக்கும் எதிரொலி. பியானோவில் நோட் வெடுக்கென்று அறுபடுகிறது என்றால் முதலில் இது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த ஃபார்மட், எந்த சாம்பிளர்

லைப்ரரியை இறக்குவதற்கு முன் ஃபார்மட்டைப் பாருங்கள். எஸ்எஃப்2 என்னும் சவுண்ட்ஃபான்ட் பழையது. எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். எஸ்எஃப்இசட் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த ஒலித்துண்டு எந்தக் கட்டைக்கு என்று அதில் எழுதியிருக்கும், ஒலிகள் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும். இவற்றுக்கு இலவச சஃபோர்ஸாண்டோ பிளகின் போதும். டீசென்ட் சாம்பிளருக்குத் தனி ஃபார்மட். பிளகின் இலவசம், அதற்கென ஆர்வலர்கள் செய்து வெளியிடும் சிறு லைப்ரரிகளும் நிறைய.

கான்டாக்ட் என்னும் கட்டணச் சாம்பிளருக்கான லைப்ரரிகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இலவசமான கான்டாக்ட் பிளேயரில், அதற்கென உரிமம் பெற்ற லைப்ரரிகள் மட்டுமே முழுதாக ஓடும். மற்றவை திறக்கும், அழகாக ஒலிக்கும், 15 நிமிடத்தில் நின்றுவிடும். லைப்ரரி பக்கத்தில் 'முழு கான்டாக்ட் தேவை' என்று இருந்தால் அது பிளேயருக்கானது அல்ல. இறக்கிவிட்டு வருந்துவதைவிட அந்த ஒரு வரியைப் படிப்பது மேல்.

இசைக்குழு ஒலிகளில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன் நல்ல தொடக்கம். உரிமைக் கட்டுப்பாடே இல்லாமல் வெளியிட்டது. மற்றவற்றில் உரிமத்தைப் படித்துக்கொள்ளுங்கள். பொதுவான நிலை இதுதான்: உங்கள் இசையில் பயன்படுத்தலாம், விற்கலாம், சாம்பிள்களை அப்படியே தனியாகவோ, வேறொரு சாம்பிள் தொகுப்பாகவோ பகிரக் கூடாது.

நினைவகக் கணக்கு

24 பிட், 48,000 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ ஒலி ஒரு நொடிக்கு 2,88,000 பைட் பிடிக்கும். 88 கட்டை, 5 அடுக்கு, ஒவ்வொன்றும் 10 நொடி என்றால் 4,400 நொடி; சுமார் 1.27 ஜிபி. அதே பியானோவை மூன்று மைக் நிலைகளில் பதிவு செய்திருந்தால் 3.8 ஜிபி. 8 ஜிபி நினைவகமுள்ள கணினியில் இப்படி இரண்டு கருவி திறந்தாலே மூச்சு முட்டும்.

அதனால்தான் பெரிய சாம்பிளர்கள் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மீதியை வட்டிலிருந்து ஓடஓடப் படிக்கின்றன. இதற்கு எஸ்எஸ்டி வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் பத்து நோட்டைப் பெடலோடு பிடித்தால் துண்டு துண்டாக அறுந்து கேட்கும். எஸ்எஸ்டி இல்லையென்றால் சாம்பிளரின் ப்ரீலோட் அளவைக் கூட்டுங்கள். நினைவகம் கூடுதலாகப் போகும், வட்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். மைக் நிலைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அன்லோட் செய்யுங்கள்; ஒலியைக் குறைத்தால் மட்டும் போதாது, அப்போதும் அவை நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

ஏற்றும் முறை

1. லைப்ரரிகளுக்கென்று ஒரே ஒரு ஃபோல்டர் வையுங்கள், பிறகு இடம் மாற்றாதீர்கள். டவுன்லோட் ஃபோல்டரிலிருந்தே திறந்து பாட்டை முடித்துவிட்டு, மாதக் கடைசியில் அந்த ஃபோல்டரைச் சுத்தம் செய்தால் 'சாம்பிள் காணவில்லை' என்ற செய்திதான் மிஞ்சும். வெளி டிரைவ் என்றால் விண்டோஸில் அதற்கு நிலையான எழுத்து ஒதுக்கிவிடுங்கள்.

2. சாம்பிளர் பிளகினை நிறுவி, ரெக்கார்டிங் மென்பொருளில் பிளகின் ஸ்கேனை ஓடவிடுங்கள். பிளகின் வகைகளில் விஎஸ்டி3 எப்போதும் ஒரே இடத்தில் உட்காரும். விஎஸ்டி2 என்றால் நிறுவிய ஃபோல்டரை நீங்களே காட்ட வேண்டியிருக்கும். பட்டியலில் வரவில்லை என்றால் பாதிக் காரணம் அதுதான்.

3. இன்ஸ்ட்ருமென்ட் டிராக் ஒன்று உருவாக்கி, சாம்பிளரை அதில் போட்டு, கருவியைத் திறங்கள். மிடி உள்ளீடாக உங்கள் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, ரெக்கார்ட் பொத்தானை ஆயத்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். மானிட்டரிங் இயங்கினால்தான் வாசிக்கும்போது கேட்கும்.

4. சத்தமே இல்லையென்றால் மூன்று இடம் பாருங்கள். டிராக்கில் மிடி விளக்கு மின்னுகிறதா? சாம்பிளரில் கருவியின் மிடி சேனலும் டிராக்கின் சேனலும் ஒன்றா? வாசிக்கும் கட்டை கருவியின் எல்லைக்குள் இருக்கிறதா? 25 கட்டை கீபோர்டில் ஆக்டேவ் பொத்தான் நகர்ந்திருப்பது அடிக்கடி நடப்பது. நடு சி என்பது மிடி எண் 60. சில மென்பொருள் அதை சி3 என்றும் சில சி4 என்றும் காட்டும். எண்ணை நம்புங்கள், எழுத்தை நம்பாதீர்கள்.

5. ஒரு சாம்பிளருக்குள் பதினாறு கருவி திறக்க முடியும் என்பதற்காகத் திறக்காதீர்கள். ஒரு டிராக்கிற்கு ஒரு கருவி என்றால் மிக்ஸில் ஃபேடர், ஃப்ரீஸ், ஆட்டோமேஷன் எல்லாம் எளிது.

பஃபரும் தாமதமும்

கணினி ஒலியை எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பதுதான் பஃபர். வாசிக்கும்போது அது 128. 48,000 ஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட். 256 என்றால் 5.3, அதுவும் பரவாயில்லை. 512-ஐத் தாண்டினால் டிரம் வாசிக்கிறவர் கை தடுமாறும். வாசிப்பு முடிந்து மிக்ஸ் தொடங்கியதும் 1024-க்கு ஏற்றிவிடுங்கள். 21 மில்லிசெகண்ட் தாமதம் அங்கே யாருக்கும் தொந்தரவில்லை, கணினிக்குச் சுமை குறையும். விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸின் சொந்த ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள்.

பஃபரைக் குறைத்தும் தாமதம் போகவில்லையா? மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். லுக்அஹெட் உள்ள லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ அங்கே உட்கார்ந்திருந்தால், எல்லா டிராக்கும் அதற்காகக் காத்திருக்கும். வாசிக்கும்போது அவற்றை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: ப்ராஜெக்ட் 48,000 ஹெர்ட்ஸிலும் இன்டர்ஃபேஸ் 44,100-லும் ஓடினால் எல்லாம் சுமார் ஒன்றரை செமிடோன் இறங்கி ஒலிக்கும். மாறி இருந்தால் அதே அளவு ஏறும். 'லைப்ரரி சுருதி சேரவில்லை' என்ற புகாருக்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

வெலாசிட்டி: ஏணிச் சோதனை

புதுக் கருவி ஏற்றியதும் பாட்டில் இறங்க வேண்டாம். ஒரே நோட்டைப் பதின்மூன்று முறை எழுதி, வெலாசிட்டியை 10, 20, 30 என்று ஏற்றி 120 வரை கொண்டுபோய், கடைசியில் 127 வைத்துக் கேளுங்கள். ஒலி சீராக ஏற வேண்டும். 80-க்கும் 90-க்கும் நடுவே குரலே மாறிப் பாய்ந்தால் அங்கே ஓர் அடுக்கு எல்லை இருக்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சொற்றொடர் முழுக்க அந்த எல்லையில் தத்தளித்தால் ஒரு நோட் மென்மையாகவும் அடுத்தது கத்துவதாகவும் வரும். முழுச் சொற்றொடரையும் பத்து எண் கீழே இறக்கிவிட்டால் தீர்ந்தது.

அடுத்து உங்கள் கீபோர்டு. சாதாரணமாக வாசித்து எண்களைப் பாருங்கள். நடுத்தர வாசிப்பு 60 முதல் 80 வரை விழுந்தால் சரி. எதை வாசித்தாலும் 100-க்கு மேல் என்றால் வெலாசிட்டி கர்வை மாற்றுங்கள். இல்லையென்றால் லைப்ரரியில் இருக்கும் மெல்லிய அடுக்குகள் ஒருநாளும் ஒலிக்காது. காசு கொடுத்து வாங்கிய பாதி ஒலி சும்மா கிடக்கும்.

மவுஸால் நோட் எழுதுகிறவர்கள் கவனிக்க: மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே வெலாசிட்டியில்தான் போடும், பெரும்பாலும் 100 அல்லது அதை ஒட்டி. எட்டு எட்டாகப் போகும் ஹை-ஹாட்டுக்கு இப்படி வைத்துப் பாருங்கள்: 92, 64, 84, 60, 94, 66, 86, 72. கனமான தட்டு, மென்மையான தட்டு என்று கை மாறுவது தெரியும். 'ஹியூமனைஸ்' பொத்தான் இதைச் செய்யாது. அது எண்களைக் கண்டபடி கலைக்கும். மனிதர் வாசிப்பில் இருப்பது கலைப்பு அல்ல, அழுத்த ஒழுங்கு.

நீண்டு ஒலிக்கும் கருவிகள்: சிசி1, சிசி11

பியானோ, கிட்டார், டிரம் இவற்றில் தட்டிய கணத்தோடு வாசிப்பவர் வேலை முடிந்தது. வயலின், புல்லாங்குழல், பிராஸ் இவற்றில் நோட் தொடங்கிய பிறகும் வில்லும் மூச்சும் ஒலியை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த லைப்ரரிகள் பெரும்பாலும் நீண்ட நோட்டுகளுக்கு வெலாசிட்டியைக் கண்டுகொள்வதில்லை. வாசிப்பின் நடுவே ஒலியை மாற்ற மிடி அனுப்பும் கட்டுப்பாடுகள்தான் சிசி எண்கள். மாட் வீல், அதாவது சிசி1, அடுக்குகளுக்கிடையே நகர்த்தும். ஒலியின் நிறமே மாறும். சிசி11 எனப்படும் எக்ஸ்பிரஷன் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும். சிசி7 மொத்த வால்யூம். அதை மிக்ஸுக்கு விட்டுவிடுங்கள், உணர்ச்சிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு சிறு வரியை எடுத்துக்கொள்வோம். டெம்போ 72, நான்கு பார், வயலின் குழு. முதல் பாரில் இரண்டு அரை நோட், இரண்டாவதில் நான்கு கால் நோட் மேலே ஏறுகிறது, மூன்றாவதில் முழு நோட் உச்சியில் நிற்கிறது, நான்காவதில் இறங்கி முடிகிறது. சிசி1-ஐ 40-ல் தொடங்குங்கள். முதல் பாரில் ஒவ்வொரு அரை நோட்டின் நடுவிலும் பத்து எண் ஏறி மறுபடி இறங்கட்டும். வில்லின் இழுப்பு அதுதான். இரண்டாவது பாரில் இறங்காமல் 50-லிருந்து 80 வரை ஏற்றுங்கள். உச்ச நோட்டில் 80-ல் நுழைந்து, அதன் மூன்றில் ஒரு பங்கு கடந்தபின் 95-ஐத் தொட்டு, பிறகு சாவகாசமாக 70-க்கு வாருங்கள். கடைசி நோட் 60-லிருந்து 25-க்கு. சிசி11 இதற்கிடையே 100-ஐ ஒட்டியே இருக்கலாம். முடியும் இடத்தில் மட்டும் 60-க்கு இறக்கினால் வால் நன்றாகக் கரையும். 127 வரை போகும் உரிமையை முழுப் பாட்டில் ஓரிரு இடத்துக்கு வைத்திருங்கள்.

மவுஸால் நேர்கோடு வரைவதைவிட, நோட்டுகளை எழுதிவிட்டு வீலை மட்டும் கையால் நகர்த்தி இரண்டாம் முறையில் பதிவு செய்வது வேகம், இயல்பும் கூட. சரியாக வரவில்லை என்றால் நோட்டைத் தொடாமல் வீலை மட்டும் மறுபடி பதிவு செய்யலாம்.

தனிக் கருவியில் ஒரு பொறி இருக்கிறது. அடுக்கு மாறும் இடத்தில் இரண்டு பதிவுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். குழுவில் தெரியாது, ஒற்றைப் புல்லாங்குழலில் இருவர் வாசிப்பது போலக் கேட்கும். ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு வீலை மெல்ல ஏற்றி அந்த எண் எங்கே என்று கண்டுபிடியுங்கள். அதற்கு அருகில் நிற்காமல் சட்டென்று கடந்துவிடுங்கள்.

மூச்சுக் கருவிக்கு மூச்சு வேண்டும். சொற்றொடர் முடிவில் 200, 300 மில்லிசெகண்ட் காலி இடம் விடாவிட்டால், எவ்வளவு நல்ல சாம்பிளும் பொய்யாகிவிடும். எல்லையையும் மதியுங்கள்: வயலினின் மிகக் கீழ் நோட் மிடி 55, செல்லோ 36, சாதாரண புல்லாங்குழல் 60. அதற்குக் கீழே லைப்ரரி ஒலி கொடுத்தாலும் அது இழுத்த ஒலி.

ஆர்டிகுலேஷன், கீஸ்விட்ச், தாமதமாக எழும் ஒலி

லெகாட்டோ (இணைத்து), ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி), பிட்சிகாட்டோ (விரலால் மீட்டி) என்று வாசிப்பு முறைகள், அதாவது ஆர்டிகுலேஷன்கள், தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். கருவியின் எல்லைக்கு வெளியே உள்ள சில கட்டைகள் இவற்றை மாற்றும் சுவிட்சுகள்; இவைதான் கீஸ்விட்ச். அந்தக் கட்டையை நோட்டுக்கு 20 முதல் 50 மில்லிசெகண்ட் முன்னால் வையுங்கள். அதே நொடியில் வைத்தால் சில நேரம் பழைய முறையிலேயே முதல் நோட் ஒலிக்கும். பாட்டின் நடுவிலிருந்து ஓடவிட்டால் தவறான ஆர்டிகுலேஷன் வருவது இதே குடும்பத்துக் கோளாறு: சுவிட்ச் நோட் நீங்கள் தொடங்கிய இடத்துக்கு முன்பே எங்கோ இருக்கிறது, மென்பொருள் அதைப் படிக்கவில்லை. முன்பு கடந்த நோட்டையும் தேடிப் படிக்கும் மிடி சேஸ் அமைப்பை இயக்குங்கள். கியூபேஸில் எக்ஸ்பிரஷன் மேப், லாஜிக்கில் ஆர்டிகுலேஷன் செட் இந்தத் தொல்லையைத் தீர்க்கவே இருக்கின்றன. வேறு மென்பொருள் என்றால் நீண்ட நோட்டுக்கு ஒரு டிராக், குட்டை நோட்டுக்கு ஒரு டிராக் என்று பிரித்துவிடுவது நிம்மதி.

லெகாட்டோவில் ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு நகரும் ஒலியே பதிவாகியிருக்கும். அது எழ, முந்தைய நோட் 10 முதல் 30 மில்லிசெகண்ட் அடுத்ததன் மேல் படிய வேண்டும். குவான்டைஸ் செய்ததும் (நோட்டுகளைத் தாளக் கட்டத்தில் பொருத்தியதும்) லெகாட்டோ போய்விட்டது என்றால் படிந்த இடம் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஸ்டிரிங்ஸ் எப்போதும் பிந்தி வருவதாகத் தோன்றுவது பிரமை அல்ல. வில் பிடித்து ஒலி எழ 100 மில்லிசெகண்டுக்கு மேலும் ஆகலாம். 120 டெம்போவில் பதினாறில் ஒரு நோட் 125 மில்லிசெகண்ட். ஆகவே கட்டத்தில் சரியாக இருக்கும் நோட், காதுக்குப் பதினாறில் ஒன்று பிந்திவிடுகிறது. அட்டாக்கை வெட்டிச் சரிசெய்யாதீர்கள், வில்லின் உயிர் அங்கேதான். டிராக் டிலேயில் மைனஸ் 80, மைனஸ் 120 என்று வைத்து, கிளிக்கோடு கேட்டுச் சரிபாருங்கள். குட்டை நோட் டிராக்குக்கு மைனஸ் 30, 40 போதும். இரண்டையும் தனி டிராக்கில் வைக்க இதுவும் ஒரு காரணம்.

கிட்டார், டிரம், கமகம்

கிட்டார் கார்டை பியானோ கார்டாக அழுத்தினால் கிட்டார் போலக் கேட்காது. அதிகபட்சம் ஆறு நோட், அதுவும் கிட்டாரில் விரல் எட்டும் அடுக்கில். கீழ்நோக்கிய ஸ்ட்ரம் என்றால் தடித்த தந்தியிலிருந்து மெல்லியதை நோக்கி ஒவ்வொன்றும் 8 முதல் 20 மில்லிசெகண்ட் பிந்தட்டும். மேல்நோக்கியதில் வரிசை தலைகீழ், நான்கு தந்தி போதும், வெலாசிட்டி குறைவு.

டிரம் கருவிகள் பெரும்பாலும் 1991-ல் வந்த ஜெனரல் மிடி வரிசையை ஒட்டியே இருக்கும்: 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்தது, 49 கிராஷ், 51 ரைட். கிட் மாற்றியதும் கிக் இடத்தில் டாம் கேட்டால் மேப் வேறு. திறந்த ஹாட் ஒலித்துக்கொண்டிருக்க மூடிய ஹாட் அதை நிறுத்தவில்லையென்றால் இரண்டையும் ஒன்று ஒலித்தால் மற்றது நிற்கும் ஒரே சோக் குழுவில் போடுங்கள்.

கமகமும் ஜாருவும் வேண்டுமென்றால் பிட்ச் பென்ட். இயல்பு எல்லை மேலே கீழே 2 செமிடோன். சாம்பிளரில் அதை 5 அல்லது 12 ஆக்குங்கள். மொத்தம் 16,384 படிகள் இருப்பதால் 12 வைத்தாலும் நயம் கெடாது. வைப்ரேட்டோ இல்லாத ஆர்டிகுலேஷனை எடுங்கள். பதிவிலேயே அசைவு இருந்தால் உங்கள் அசைவும் அதுவும் மோதும். பென்ட் அந்தச் சேனலின் எல்லா நோட்டையும் இழுக்கும் என்பதால் மெலடிக்குத் தனி டிராக். வளைத்ததை மையத்துக்குக் கொண்டுவர மறந்தால் அடுத்து வரும் எல்லாமே சுருதி விலகும். ஆனால் மூன்று நான்கு செமிடோனுக்கு மேல் ஒரே சாம்பிளை இழுத்துப் பிடித்து நிறுத்தினால் குரல் மாறிவிடும். கடந்து போகலாம், தங்கக் கூடாது.

சொந்தமாக ஒரு கருவி

கையில் இருக்கும் ஒரு கருவியை நீங்களே சாம்பிள் செய்வது அவ்வளவு பெரிய வேலையல்ல. மூன்று ஆக்டேவ், மூன்று செமிடோனுக்கு ஒன்று என்றால் 13 நோட். மூன்று அழுத்த அளவு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரவுண்ட் ராபின்: 78 பதிவுகள். ஒன்றுக்கு 8 நொடி ஒலி, 4 நொடி இடைவெளி வைத்தால் 16 நிமிடத்துக்குள் அடங்கும். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ், மோனோவில் சுமார் 90 எம்பி.

மைக்கின் இடத்தையும் ப்ரீஆம்பின் கெயினையும் கடைசிவரை தொடாதீர்கள். மிகப் பலமான நோட் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மின்விசிறியையும் ஏசியையும் அணையுங்கள்; தனிப் பதிவில் தெரியாத இரைச்சல், பத்து நோட் ஒன்றாக ஒலிக்கும்போது 10 டெசிபல் ஏறும். ஒவ்வொரு நோட்டும் முழுக்க அடங்கும்வரை கையை அசைக்கக் கூடாது.

வெட்டும்போது ஒலி எழும் இடத்துக்கு 2, 3 மில்லிசெகண்ட் முன்னால் வெட்டி, ஒரு மில்லிசெகண்ட் ஃபேட்-இன் கொடுங்கள். எல்லாத் துண்டுக்கும் இந்த முன்வெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சில கட்டை பிந்தும், அதை வாசிப்பவர் தன் கைமேல் பழிபோட்டுக்கொள்வார். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக நார்மலைஸ் செய்யாதீர்கள், அதாவது எல்லாவற்றையும் ஒரே உச்ச அளவுக்கு ஏற்றாதீர்கள். அழுத்த அளவுகளுக்கிடையே இருந்த இயற்கையான உறவு அழிந்துபோகும்.

சாம்பிளரில் ஏற்றி, ரூட் கீயை உண்மையான நோட்டில் வைத்து, மேலும் கீழும் ஒவ்வொரு கட்டை விரியுங்கள். வெலாசிட்டிப் பிரிவை 1–50, 51–95, 96–127 என்று தொடங்கி, ஏணிச் சோதனையில் கேட்டுத் திருத்துங்கள். ட்யூனர் வைத்து ஒவ்வொரு நோட்டையும் சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நேர்செய்யலாம். முழுக்க நேராக்கினால் கருவியின் குணம் போய்விடும். 5 சென்ட்டுக்குள் இருப்பதை விட்டுவிடுவது நல்லது.

நீண்டு ஒலிக்கும் கருவிக்கு லூப் வேண்டும். ஒலி நிலைப்பட்ட பகுதியில் ஒன்றிரண்டு நொடி எடுத்து, 100 மில்லிசெகண்ட் அளவுக்கு கிராஸ்ஃபேட் கொடுங்கள். வைப்ரேட்டோ இருந்தால் லூப்புக்குள் முழுச் சுற்றுகளே அடங்க வேண்டும். அரைச் சுற்றில் வெட்டினால் விக்கல் கேட்கும்.

மிக்ஸில் உட்காரவைப்பது

லைப்ரரிகள் வெவ்வேறு அறைகளில் பதிவானவை. ஒன்றில் மண்டபத்தின் எதிரொலி, இன்னொன்று காய்ந்து கிடக்கும். முதலில் சாம்பிளருக்குள் இருக்கும் ரிவெர்ப்களை எல்லாம் அணைத்துக் கேளுங்கள். பல லைப்ரரிகள் அழகு காட்டுவதற்காக அதை இயக்கியே தருகின்றன. பிறகு ஒரே ஒரு ரிவெர்ப் டிராக் வைத்து எல்லாவற்றையும் அதற்கு அனுப்புங்கள். காய்ந்தது அதிகம், ஏற்கெனவே அறை உள்ளது குறைவு. ப்ரீடிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 முதல் 30 மில்லிசெகண்ட் இருந்தால் கருவி முன்னால் நிற்கும்.

சாம்பிள் பியானோக்கள் தனியாகக் கேட்க அகலமாக இருக்கும்; பாட்டில் அதே அகலம் இடைஞ்சல். பாடகர் இருக்கும் பாட்டில் பியானோவின் ஸ்டீரியோ அகலத்தைப் பாதிக்குக் குறைத்து, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டு மூன்று டெசிபல் இறக்கினாலே இடம் கிடைத்துவிடும்.

பெடலோடு வாசிக்கும்போது பழைய நோட் காணாமல் போனால் பாலிஃபோனி எண்ணைக் (ஒரே நேரத்தில் எத்தனை நோட் ஒலிக்கலாம் என்பதை) கூட்டுங்கள். பெடல் சிக்கிக்கொண்டு எல்லாம் ஒலித்துக்கொண்டே இருந்தால், பெடலுக்கான சிசி64-ன் கடைசி எண் 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பதிவைப் பெடல் மிதித்த நிலையில் நிறுத்தியிருப்பீர்கள்.

ஃப்ரீஸ், பவுன்ஸ், பாதுகாப்பு

கணினி திணறத் தொடங்கினால், முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்து (தற்காலிக ஒலிக் கோப்பாக மாற்றி) கருவியை அன்லோட் செய்யுங்கள். இறுதி பவுன்ஸில், அதாவது பாட்டை ஒலிக் கோப்பாக எடுக்கும்போது, சில நோட் விடுபட்டால், ஆஃப்லைன் வேகத்துக்கு வட்டு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். நிகழ்நேர பவுன்ஸ் தேர்ந்தெடுங்கள். இரண்டு பவுன்ஸ் ஒன்றுபோல் இல்லை என்றால் பயப்பட வேண்டாம், ரவுண்ட் ராபின் வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. சாம்பிளரில் தொடக்கத்தில் மீட்டமைக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு கருவியையும் முழு நீள வேவ் கோப்பாக எடுத்து, மிடி கோப்போடும் ப்ராஜெக்ட்டோடும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எந்த ஆர்டிகுலேஷன், டிராக் டிலே எவ்வளவு என்று ஒரு சிறு குறிப்புக் கோப்பும் சேரட்டும். சில ஆண்டு கழித்துத் திறக்கும்போது பிளகின் பதிப்பு மாறியிருக்கும், அல்லது லைப்ரரியே கணினியில் இருக்காது. வேவ் இருந்தால் அப்போதும் மிக்ஸ் செய்யலாம், மிடி இருந்தால் வேறொரு கருவியில் ஓட்டலாம்.